கடைசி ஆள்

— பன்னெண்டு பேர் கிளம்பினோம். கூப்பிட்டும் பாத்தாச்சு, மூணு தடவை எண்ணிட்டேன், பதினொண்ணுதான்டா வருது. என் புருஷன் எங்க?

— மாமாவா... பின்னாடி வருவாருக்கா. பூவை ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாரு.

— பின்னாடியா? கடைசி ஆள் நீதானே? கடைசி ஆளுக்குப் பின்னாடி எப்படிடா ஒருத்தர் வருவாரு?

— கத்தாதக்கா. எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும்! கடைசி ஆளுக்கு ஒரே ஒரு வேலைதான். யாரையும் தாண்டி வரக்கூடாது. முன்னாடி போறவர் உக்காந்தா நீயும் உக்காரணும். பத்து வருஷமா இந்த மலைக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன், ஒருத்தரைத் தொலைச்சதில்ல.

— அவர்தான் "நீ போ"ன்னாரு...

— ஓடைகிட்ட வாக்கிடாக்கில கேட்டேனே. எல்லாரும் தாண்டியாச்சுன்னு சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— அவர் தாண்டினாரா?

— வெயிலு ஏறுதுக்கா... முதல்ல தண்ணி குடி.

— தண்ணியை ஊத்தி என் வாயை அடைக்காத!

— என்னம்மா, அவர் வந்தாச்சா? கிளம்பலாமா? மஞ்சப் பூ, ஊதாப் பூன்னு பாத்துப் பாத்து இந்த ரிட்டயர்ட் வாத்தியாருக்கே கவிதை வந்துடும் போல இருக்கு.

— அஞ்சு நிமிஷம் சார். பூவுக்குள்ள இறங்காதீங்க, பாதையிலயே நில்லுங்க... நீ சொல்லுடா. எங்க விட்ட அவரை?

— அந்த... பாதை ரெண்டா பிரியுற இடத்துல.

— பஸ் ரோட்டுக்கு இறங்குற பாதை.

— ம்.

— கால் சுளுக்கா? மயக்கமா?

— நல்லாத்தான் இருந்தாரு.

— இடுப்பளவுக்குப் பூ நிக்குது. உள்ள ஒரு மனுஷன் விழுந்து கிடந்தாக்கூடத் தெரியாது. அரை மணி நேரமா அவர் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துறேன். நீயும் பக்கத்துல நின்னு கூடச் சேந்து கத்தினியேடா!

— வேற என்ன பண்ணச் சொல்ற? எல்லார் முன்னாடியும் சொல்லவா?

— என்னத்தை?

— போயிட்டாருக்கா. இனிமே வீட்டுக்கு வரமாட்டாராம். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லத் தெம்பில்லன்னு... அழுதாரு.

— அழுதாரு. சரி. நீ என்ன பண்ணின?

— பை ரொம்பக் கனம். கொஞ்ச தூரம்... நான்தான் தூக்கிட்டுப் போனேன்.

— கனமாத்தான் இருக்கும். ஒருநாள் நடைக்கு ரெண்டு ஸ்வெட்டர், ஆறு சட்டை. காலையிலயே திறந்து பாத்துட்டேன்டா. எப்பவும் கடைசில வர்ற ஆளை முன்னாடி அனுப்பிட்டு உன்னை எதுக்கு அங்க நிறுத்தினேன்னு நினைச்ச? என் தம்பியாச்சே, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுவான்னுதான்.