முகம் கேட்ட படிப்பு

"சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற படிப்புத்தானே எண்டுதான் வாப்பா ஓமெண்டு சொன்னாரு."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் பக்கத்தில் இருந்த மூத்த சகோதரியிடம், தன் ராத்தாவிடம், சொன்னாள். பாடசாலையில் பேண்ட் வாத்தியம் பழக்குகிற டீச்சர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வாத்தியக் குழுவின் முன்னால் நின்று கையசைத்து நடத்துவதற்கென்றே வெளிநாட்டில் ஒரு மாஸ்டர்ஸ் படிப்பு இருக்கிறதாம். அதற்கு விண்ணப்பிக்க நினைத்திருக்கிறாள்.

"பொறகு என்னகா நடந்த?"

"வீடியோ கேட்டாங்க. வாசிக்கிற புள்ளைகள்ற பக்கம் கெமராவ வைக்கணுமாம். என்ட முகம் தெரியணுமாம்."

"பின்னால இருந்து எடுத்து அனுப்பன்."

"முகத்தப் பாத்துத்தான் ராத்தா புள்ளைகள் வாசிக்கிற. முதுகுல என்ன இரிக்கி?"

"வாப்பா என்ன சொன்னாரு?"

"'ஆரெண்டு தெரியாத ஆம்புளைகள் பாக்கிறத்துக்கு ஒன்ட முகத்த அனுப்பப் போறயா' எண்டு கேட்டாரு. அதுக்குப் பொறகு கதைக்கவே இல்ல."

"அப்ப நீ எடுக்கல்லயா?"

"எடுத்தன். அனுப்பல்ல."

ராத்தா போனை வாங்கினாள். சத்தத்தை நிறுத்திவிட்டு, நிந்தவூர் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுல நீ இப்பிடிச் சிரிச்சி நான் ஒருநாளும் கண்டதில்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வாப்பாக்குக் காட்டிராத."

"இனிக் காட்டி என்ன? முந்தாநாளோட அனுப்புற திகதி முடிஞ்சிட்டு."