கயிற்றைப் பிடித்த கை

கருங்கல்லில் முகம் வெட்டும்போது கண்தான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கண் எளிது. காதுதான் கஷ்டம். காதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆனால் அது தப்பாகிவிட்டால் இறந்தவரின் மனைவி கல்லின் முன்னால் நின்று, "என்னமோ அவர் மாதிரி இல்லையே" என்பாள். எது இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

நீங்கள் தெலாவி நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து வந்து கோச்சாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் மகனிடமிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

என் கணவர் தாழி செய்தார். இந்தப் பள்ளத்தாக்கில் மது ஊறுவது அதில்தான், கழுத்துவரை மண்ணுக்குள். சூளைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நான் கல்லறைக் கற்களில் உருவம் வெட்டினேன். "அந்த வீட்டுக்குப் போனா குடிக்கவும் ஏற்பாடு, புதைக்கவும் ஏற்பாடு" என்று ஷால்வா கேலி செய்வார். திராட்சைத் தோட்டக்காரர், எங்கள் அண்டை வீட்டுக்காரர். கணவர் போனபின் சூளை மகன் மல்ஹாஸுக்கு வந்தது. கோச்சா அவனோடு கூட்டு. தாயில்லாப் பிள்ளை. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். என்னை லமாராம்மா என்பான்.

அந்த வருடம் இருவருக்கும் பேச்சு முற்றியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தாழி கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். கோச்சாவுக்கு அவசரம்.

"மண்ணு காயட்டும் காயட்டும்னு பார்த்துக்கிட்டே இருந்தா நாமதான்டா காய்ஞ்சு போவோம்" என்பான்.

"வெடிச்ச தாழிய வித்துட்டு நீ ஓடிருவ. ஊர்ல நிக்கறது நான்" என்பான் மல்ஹாஸ்.

ஷால்வாவின் புது மதுக்கூடத்துக்கு இரண்டு ஆள் உயரத் தாழி ஒன்றை இறக்கினார்கள். தாழி இறக்கக் கயிறு பிடிப்பது எங்கள் பக்கம் கூலி வேலை இல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் வந்து பிடிப்பார்கள். கயிறு பிடித்தவர்களில் கோச்சா முதல் ஆளாக நின்றான். அடிப்பக்கத்தை நேராக வைக்க மல்ஹாஸ் குழிக்குள் இறங்கியிருந்தான். கயிறு அறுந்தது. மேலே இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

"கயிறை யாரு பாத்தது?" என்று ஷால்வா எல்லாரையும் கேட்டார்.

"நான்தான் கொட்டகையிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்" என்றான் கோச்சா. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான். அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பவனை யார்தான் சந்தேகிக்க மாட்டார்கள்?

நான் அவனைக் கவனித்தேன். மகனைக் கிடத்தியிருந்த அறைக்குள் அவன் வரவில்லை, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியைத் தூக்கும்போது பின்பக்கம் போனான், முகம் தெரியாத இடம். நாற்பதாம் நாள் விருந்தில் இறந்தவனுக்காக எல்லாரும் எழுந்து கோப்பையை உயர்த்தியபோது அவன் கோப்பை மேஜையிலேயே இருந்தது. இதையெல்லாம் பார்த்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஷால்வாவின் மனைவி என் காதருகே வந்து, "பாத்தியா லமாரா? தொண்டையில இறங்கல அவனுக்கு" என்றாள். நான் தலையசைத்தேன்.

மறுநாள் கொட்டகையைப் பெருக்கப் போனேன். அறுந்தது போக மீதிக் கயிற்றைக் கோச்சா பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தான். ஆணிக்கு மேலே ஒரு பலகை. கல்லில் துருக்கறை எடுக்க நான் வைத்திருக்கும் அமிலக் குப்பி அதில்தான் இருக்கும். குப்பியின் அடியில் பலகை கருகியிருந்தது. அதற்கு நேர் கீழே கயிறு மஞ்சளாகி, விரலால் நெருடியபோது தவிடு மாதிரி உதிர்ந்தது.

எனக்கு அது புதிய செய்தி இல்லை. தாழி இறக்குவதற்கு முன்பே குப்பி கசிவதைப் பார்த்திருந்தேன். "அம்மா, அந்தச் சனியனை வேற எங்கயாச்சும் வை, எங்க சாமானெல்லாம் அங்கதான் தொங்குது" என்று மல்ஹாஸ் பலமுறை சொல்லியிருந்தான். மறுபடியும் பேச்சு வாங்க எனக்கு மனமில்லை. மூடியை இறுக்கினேன். கயிற்றின் நனைந்த பக்கம் கண்ணில் படாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். கை வேலையாக இருந்தது; பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பெருக்கி முடித்துவிட்டு மீதிக் கயிற்றைச் சூளையில் போட்டேன். குப்பியை வேறு இடத்தில் வைத்தேன், மகன் சொன்னபடி.

நான் செய்ததை நீங்கள் அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு பிள்ளை செத்தால் ஊர் காரணம் கேட்கும். கயிற்றோடு சம்பந்தப்பட்டவர்கள் இரண்டே பேர், கோச்சாவும் நானும். நான் அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு மகனின் கல்லறைக்கு எப்படிப் போய்வர முடியும்? கோச்சாவுக்குத் தோள் அகலம், கட்டிக்கொண்டவள் நல்லவள், வயது இருக்கிறது. தாங்கிவிடுவான் என்று கணக்கிட்டேன்.

குளிர்காலம் முழுவதும் மல்ஹாஸின் கல்லை வெட்டினேன். என் வேலையில் இதைவிட நல்லது இல்லை. தாழியின் மேல் கை வைத்து நிற்கிறான், அவன் காதுகூடச் சரியாக வந்திருக்கிறது. தாழியைச் சுற்றிக் கயிறு. கயிறு கல்லின் ஓரத்துக்குப் போகிறது. ஓரத்தில் அதைப் பிடித்தபடி ஒரு கை, மணிக்கட்டுவரை. அந்தக் கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். சின்ன வயதில் எங்கள் வண்டிச் சக்கரத்தில் மாட்டி ஒடிந்த விரல். நான்தான் கட்டுப் போட்டேன்.

ஈஸ்டருக்கு எல்லாரும் கல்லறைக்கு வந்தார்கள். வழக்கப்படி சிவப்பு முட்டைகளை மண்மேல் உருட்டினார்கள், மதுவை ஊற்றினார்கள். மல்ஹாஸின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். ஷால்வா கல்லை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கை யாரோடது?"

"கயிறு பிடிச்ச கை" என்றேன்.

கோச்சா எதிரே கோப்பையோடு நின்றிருந்தான். சுண்டுவிரல் கோப்பையில் படியாமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் கல்லைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். அவன் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினான். மாற்றியிருக்கக் கூடாது.

நான் ஒரு பெயர்கூட எழுதவில்லை. அதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அவனுக்குக் கயிறு பிடிக்க ஆள் வரவில்லை. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மகள் வீட்டில் விசேஷம். "பிளாஸ்டிக் டிரம் வாங்கிட்டேன்பா, அது என் காலை ஒடிக்காது" என்றார் ஒருவர். ரொட்டிக்கடையில் ஷால்வாவின் தம்பி எல்லார் முன்னாலும், "விரலை வெட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றான். சிலர் சிரித்தார்கள். கோச்சாவும் கொஞ்சம் சிரித்ததாகச் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் என் கொட்டகைக்கு வந்தான்.

"லமாராம்மா, ஷால்வாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னன்னு? அது உன் கை இல்லன்னா?"

"என் கைதான். கயிறைப் பிடிச்சேன். இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? ஆனா பாக்கறவங்க அதை வேற மாதிரி பாக்கறாங்க."

"பாக்கறவங்க கண்ணையும் நானா வெட்டினேன்?"

அவன் பார்வை ஆணிக்குப் போயிற்று, அங்கிருந்து மேலே பலகைக்கு.

"இந்தப் பலகை ஏன் இப்படிக் கருகியிருக்கு?"

"பழைய மரம்."

"குப்பி இங்கதானே இருக்கும்?"

நான் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் கருகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தான். விரலை முகர்ந்தான். என்னை ஒருமுறை பார்த்தான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தேன். நின்றபடியே தின்றான், தட்டைக் கழுவி வைத்தான், போனான். எனக்கு அது சந்தேகமாகத்தான் இருந்தது. குற்றமில்லாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்? அவன் யாரிடமாவது சொல்வான் என்று காத்திருந்தேன். தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை.

இலையுதிர்காலத்தில் அடுத்த ஊரில் ஒரு தாழியை இறக்கப் போனான். ஆள் இல்லை. கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை மனைவி சியாலாவிடம் கொடுத்துவிட்டு அவனே குழிக்குள் இறங்கினான். மிச்சத்தை உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

சென்ற வாரம் சியாலா அவனுடைய படத்தோடு வந்தாள். கல் வெட்டச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அவள் உட்காரவில்லை, படத்தை மேஜையில் வைத்தாள்.

"பலகையைப் பத்தி அவரு எங்கிட்டச் சொன்னாரு" என்றாள்.

"எந்தப் பலகை?"

"உங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு. 'அவங்களுக்கு மிச்சம் இருக்கறது அந்தக் கல்லு ஒண்ணுதான், விட்டுரு'ன்னாரு. நானும் விட்டுட்டேன். இப்ப அந்தக் கையை மட்டும் எடுத்துருங்க. வேற எதுவும் வேணாம்."

அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். மெருகேற்றிய கல்லில் ஒரு மூலையை மட்டும் அழித்தால் அங்கே குழி விழும், வெளிச்சம் அதில்தான் நிற்கும், கை இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். எடுப்பதென்றால் முழு முகப்பையும் தேய்க்க வேண்டும். மல்ஹாஸின் முகமும் போய்விடும்.

"போகட்டும்" என்றாள்.

"என் பிள்ளையை இன்னொரு தடவை என் கையாலயே அழிக்கச் சொல்றியா?"

அவள் படத்தை மேஜையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நான் கேக்க வந்தது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருப்பாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. கசிந்தது என் குப்பி. திருப்பி மாட்டியது நான். தெரிந்த பிறகுதான் கையை வெட்டினேன், அவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் வெட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் படத்தை அவளிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். நீங்கள் கேட்டால் தருவாள். கோச்சாவின் கல்லை வேறு யாராவது கெடுத்துவிடக் கூடாது. என் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை. அவனை நிம்மதியாக நிற்கவைப்பேன், கயிறு எதுவும் இல்லாமல். அன்றைக்கு மறுமுனையைப் பிடித்திருந்தது சியாலா என்று ஊருக்கே தெரியும். அவள் பிடியை எப்போது விட்டாள் என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அவள் கையை நான் செதுக்கப்போவதில்லை. யார்மேலும் பழி போடுவது என் வழக்கம் இல்லை.