எட்டு மணி செலக்‌ஷன்

— போதும் விக்டோரியா, ரெண்டு லட்டு தின்னாச்சு. ஷெர்லினுக்கு மாநில ஹாக்கி டீம் கெடச்சதுல பெத்தவ உன்னளவு எனக்கும் சந்தோஷந்தான். அதுக்கு ஏன்ளா கண்ணத் தொடைக்க?

— ஆறாங்கிளாஸ்லேருந்து எம்மவள ஓட விட்டது நீதான ஜெபசுதா. இந்த உப்பு மண்ணுல விடியக்காலமே விசிலோட வந்து நிப்ப. மாதாவே, அதப் பாக்கப் பாக்க எனக்கு உள்ள அறுக்கும். இன்னைக்காவது சொல்லிருதேன்.

— என்னத்த? வா, நிழல்ல உக்காந்து சொல்லு.

— காலேஜ்ல நீ வாலிபால், ஹாக்கி, நானூறு மீட்டர், உயரம் தாண்டுதல்னு நாலுலயும் யுனிவர்சிட்டிக்கு ஆடுனவ. நான் வெறும் வாலிபால். துறைமுகத்துல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேல ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. நீ வந்து நின்னா எனக்குக் கெடைக்காது.

— நான் பத்து மணிக்குப் போனேன். செலக்‌ஷன் முடிஞ்சு நெட்டக் கழட்டிட்டு இருந்தாவ.

— பத்த எட்டா மாத்திட்டாவள்லா? முந்தின நாளு சாயங்காலம் கோச் என்னக் கூப்பிட்டு, ஹாஸ்டல்ல ஜெபசுதாட்டயும் சொல்லிருன்னாரு. ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் வந்தேன். நீ மொட்டமாடியில துணி எடுத்துட்டு நின்ன. கூப்பிட வாயெடுத்தேன், அப்படியே திரும்பிட்டேன். எங்கப்பா கடல்ல வள்ளத்தோட போயி அப்ப ரெண்டு வருஷம். வீட்டுல மூணு தங்கச்சி. அந்த வேலைய விட்டா எனக்கு வேற வழியில்ல. உனக்குப் போட்ட சோத்தத்தான் இருபத்தெட்டு வருஷமா நான் தின்னுட்டு இருக்கேன். என்ன மன்னிப்பியாளா?

— அழாத. எட்டு மணின்னு வார்டன் முந்தின நாளு மத்தியானமே எங்கிட்டச் சொல்லிட்டாவ.

— பெறகு ஏன் வரல?

— பீச்சுல உக்காந்திருந்தேன், பத்தாகட்டும்னு. எங்கப்பாவுக்கு நான் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரணும். எனக்கு டீச்சராகணும். ஏரல் ஊருல காலேஜ் கேம்ப் போட்டோம்லா, அங்கன ஒரு பிள்ள பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு ஓடுனா. முடிவுக் கோட்டத் தாண்டி, ஜெயிச்சதே தெரியாம ஓடிட்டே இருந்தா. நான்தான் பின்னாலேயே ஓடிப் பிடிச்சு நிறுத்துனேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா அப்பாட்ட முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லத் தெம்பில்ல.

— இப்பத்தான்ளா எனக்கு மூச்சே வருது. பாரம் எறங்கிருச்சு. இத ஏன் இத்தன வருஷமா எங்கிட்டச் சொல்லல?

— எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்ல? ஏன் பிந்திப் போனேன்னு அப்பா கேட்டாவ. விக்டோரியா வேணும்னே நேரத்த மறைச்சிட்டான்னு உம்மேல ஒரு பொய்யப் போட்டுத் தப்பிச்சேன். அது நெசந்தான்னு இப்பத்தான்ளா எனக்கே தெரியுது.