அந்த வண்டி வழுக்கவில்லை

மேலே கண்ட முகவரியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மாமனார் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்தொன்று. சொகுசுக் கார் விற்கும் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் ஓட்டுநராக வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்கள் என்னைச் 'சொகுசு' என்று கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்கு வைத்த பெயர். காவல் ஆய்வாளர் விசாரித்ததில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இன்று காலை கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவர் தம் மனைவியுடன் ஷோரூமுக்கு வந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் புது வண்டியை ஓட்டிக் காட்டும்படி மேலாளர் என்னை அனுப்பினார். இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்து, நான் சொன்னபடி பெல்ட் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு குவாரிக்குப் போகும் மலைப்பாதையில் வண்டியை விட்டேன். அங்கே ஒரு வளைவில் நாங்களே டேங்கர் வைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்போம். மழை இல்லாத நாளிலும் வண்டியின் பிடிமானத்தைக் காட்ட வேண்டும் அல்லவா. என் பக்கத்தில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பதும் எங்கள் வழக்கம். எந்தச் சக்கரத்துக்குத் தரை பிடிக்கிறதோ அதற்கு இழுவையை வண்டியே மாற்றிக்கொள்ளும், வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்தைக் கூடுதலாக உந்தி மூக்கை உள்ளே திருப்பும், தம்ளர் சிந்தாது என்று விளக்கினேன்.

அதன் பிறகு எல்லாரிடமும் சொல்லும் ஜோக்கைச் சொன்னேன். "இந்த வண்டி நம்ம வீட்டம்மா மாதிரி சார். நீங்க தப்பா திருப்பினாலும் வழிக்குக் கொண்டு வந்துடும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "என்னடி இளிப்பு? நான் தப்பா திருப்புறேனா?" என்று காண்ட்ராக்டர் கேட்டு, அந்த அம்மாவின் வாயிலேயே புறங்கையால் அறைந்தார். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. வாயைக் கொடுத்தது நான், வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த அம்மா. "சார், வேணாம் சார்" என்றேன். "முன்னாடி பாத்து ஓட்டு" என்றார்.

அதன் பிறகு காண்ட்ராக்டர் தம் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் கழன்றதற்கான மணி அடிக்க ஆரம்பித்தது. மனைவியின் முடியைப் பிடித்துத் தலையைக் கண்ணாடியில் மோதினார். அதன் பிறகு இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். இதை நான் உள்கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மாவின் கால் என் சீட்டின் முதுகை உதைத்துக்கொண்டே இருந்தது. பிறகு உதை குறைந்தது.

மெல்ல ஓரங்கட்டி நிறுத்தியிருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். அதற்குள் அந்த அம்மா செத்துவிடுவார் என்று பயந்தேன். ஆளை உலுக்கினால் பிடி விடும் என்று நினைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒடித்தேன், வண்டி அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய வளைவில் வேகத்தைக் கூட்டிப் பாய்ந்தேன். வேறு வண்டியாக இருந்தால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். இது தொட்டில் போலத் திரும்பியது. தம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. காண்ட்ராக்டர் மனைவியின் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே, "நல்லா இருக்கு. ஓட்டு" என்றார். பத்து வருஷமாக நான் புகழ்ந்து ஓட்டிக் காட்டும் இந்த ரக வண்டியை அந்த நிமிஷம் சபித்தேன்.

எத்தனை சக்கரம் இழுத்தாலும் பிரேக்குக்கு அதனால் லாபமில்லை என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். வளைவு தாண்டிக் காய்ந்த ரோடு வந்ததும் பிரேக்கை முழுசாக மிதித்தேன். அந்த அம்மாவை பெல்ட் பிடித்துக்கொண்டது. காண்ட்ராக்டர் முன்னால் பறந்து வந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகம் மோதி விழுந்தார். தாடை உடைந்த சத்தம் கேட்டது. தம்ளர் தண்ணீர் என் தொடையில் கொட்டியது, தம்ளர் வைத்த குழியில் ஒரு பல் கிடந்தது. பின்னால் இருமல் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அதன் பிறகும் அவர் ரத்தம் ஒழுக மனைவியின் காலைப் பிடித்து இழுத்தார். நான் இறங்கி, பின்கதவைத் திறந்து, அவரை வெளியே இழுத்து இரண்டு முறை முகத்தில் குத்தினேன். முதல் குத்து அவர் பிடியை விடுவிக்க. இரண்டாவது என் ஆத்திரத்துக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து காண்ட்ராக்டரின் தம்பி இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, "தண்ணில வண்டி வழுக்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா. அண்ணன் உன் மேல கேஸ் குடுக்கமாட்டாரு" என்றார். என் மனைவியும் அப்படியே சொல்லச் சொல்லி அழுதாள். அந்த அம்மாவும் கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "வழுக்கிடுச்சுன்னே சொல்லுங்கண்ணா. உங்க பிள்ளைங்கள நினைச்சுப் பாருங்க" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் வழுக்கியது என்று எழுதினால், அந்தக் கழுத்தில் இருக்கும் பத்து விரலும் விபத்துக் கணக்கில் போய்விடும். தாடைக்குக் கட்டுப் போட்டதும் அவர் அதே வீட்டுக்கு வருவார், இந்த அம்மாவும் அதே வீட்டில் இருப்பார். மணி அடித்ததைக் கேட்டு, அவர் பெல்ட் போடவில்லை என்று தெரிந்தேதான் மிதித்தேன். பெண் மருத்துவரை அழைத்து அந்தக் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எழுத்தர் முதலில் 'வண்டி வழுக்கி' என்று எழுதியிருந்ததை அடித்து, 'பிரேக்கை முழுசாக மிதித்தேன்' என்று திருத்தியது நான் கேட்டுக்கொண்டதால்தான். அந்த இடத்திலும் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)