மெட்டல் உண்டோ?

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது, கிட்டார்ப் பையைத் தோளில் மாட்டியிருந்தவன் தன் நண்பனிடம் சொன்னான்:

"எங்க ஹெவி மெட்டல் பேண்டுக்கு ஒரு போன் வந்துது."

"அதைத்தான் கலைச்சாச்சுன்னியே?"

"ஆமா. மத்த மூணு பேரும் பழையபடி கோயில் கானமேளாவுல சினிமாப் பாட்டு வாசிக்கவே போயிட்டா. ஆனா நம்பர் போட்ட போஸ்டர் இன்னும் சுவத்துலே இருக்கு."

"என்ன கேட்டா?"

"'மெட்டல் உண்டோ?'ன்னார். உண்டுன்னேன். மூணு பேரையும் திரும்பக் கூப்பிட்டுடலாம்னு நெனச்சேன், கேட்டோ."

"அப்புறம்?"

"வீட்டுக்குத் தளம் போடறாராம். நாளைக்கே ஒரு லோடு வேணும்னார்."

இந்த மலையாள ஊரில் ஜல்லிக்கு மெட்டல் என்றுதான் பெயர். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதேடா. எங்களைத் தேடி வந்த ஒரே போன் அதுதான்."