அவன் உச்சிக்கு ஏறுற இடம்

நிறுத்தணும்னா நிறுத்திடலாம் டாக்டர், அதுல என்ன இருக்கு. பட்டன் இதோ, உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு. கிளினிக் இன்னையிலேர்ந்து உங்களோடது. பெரிய டாக்டர் சாவியைக் குடுத்துட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பிப் போயாச்சு. இங்க பாட்டு ஓடணுமா வேணாமான்னு இனிமே நீங்கதான் சொல்லணும், பல்லு பாக்குறப்ப எச்சில் உறிஞ்சுற குழாய் பிடிக்குற நான் யாரு. ஆனா முதல் பேஷண்ட் வர இன்னும் நேரம் இருக்குல்ல, நான் இந்த ட்ரேயைத் தொடைச்சுக்கிட்டே நாலு வார்த்தை சொல்லிடுறேன். கேட்டுட்டு நிறுத்துங்க. சத்தியமா முகத்தைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்.

பாடுறது ஆம்பளைதான் டாக்டர். எல்லாரும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. கேசட்டு அட்டையில போட்டோ பார்த்தீங்கன்னா மூச்சு நின்னுடும். தாடி, திறந்து போட்ட சட்டை, லாரி ஓட்டுறவன் மாதிரி தோள். அந்த ஆளு வாயைத் திறந்தா இந்தக் குரல் வருது. அட்டையில ஏதோ நீளமா பேரு இருக்கும், இங்க யாரும் அதைச் சொல்றதில்ல. பெரிய டாக்டர் வெச்ச பேரு கீச்சு. பேஷண்டுங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா, கீச்சைக் கொஞ்சம் சத்தமா வைங்கன்னுவாங்க.

ஆமா, இந்த ஒரே தொகுப்புதான், எப்பவும். ஹிட்டான பாட்டா பொறுக்கி வரிசையா வெச்சிருப்பாங்கல்ல, அது. முதல்ல கேசட்டு, அப்புறம் டிஸ்க்கு, இப்ப போன்ல ஏத்திக் குடுத்திருக்கா என் மக. பொட்டி மாறிக்கிட்டே இருந்துச்சு, பாட்டு மாறல.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, கிளினிக் தொறந்த புதுசுல இங்க பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மெஷின் குடையுற சத்தம் வெளி ரூம் வரைக்கும் கேக்கும். உக்காந்திருக்குறவங்க ஒவ்வொருத்தரா நைசா கழண்டுக்குவாங்க. ஒருத்தர், வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வர்றேன்னு போனவர், இன்னும் வண்டியை நிறுத்திக்கிட்டிருக்காரு. பெரிய டாக்டருக்கு வெறுத்துப்போச்சு. ஒருநாள் தனக்காவது பொழுது போகட்டும்னு கார்ல கேக்குற கேசட்டைக் கொண்டாந்து போட்டாரு. அன்னைக்கு நாற்காலியில ஒரு டீச்சரம்மா. ஊசி போட்டு, மரத்துப்போய், கடைவாய்ப் பல்லைப் பாதிக்கு மேல குடைஞ்சாச்சு. அந்தம்மா கையை ஆட்டி நிறுத்தச் சொல்லிட்டு, எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க, எனக்கு வீட்ல வேலை கிடக்குன்னாங்க. நானும் அவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. மெஷின் கத்துற உயரமும் கீச்சு பாடுற உயரமும் ஏறக்குறைய ஒண்ணு. அவன் மேல ஏறுறப்ப இவர் மெஷினை வெப்பாரு, அவன் இறங்குனா இவரும் எடுத்துருவாரு. படுத்திருக்குறவங்களுக்கு எது பாட்டு எது பல்லுன்னு பிரிச்சுத் தெரியாது. சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, குழாயில தண்ணி விழுதுல்ல.

ஆ, அதுவா. இப்ப வர்ற மெஷின்ல அவ்வளவு சத்தம் கிடையாதுங்குறீங்க. இருக்கலாம். புதுசு வாங்கிட்டா மறைக்குறதுக்கு ஒண்ணும் இருக்காதுதான். ஆனா மறைக்குறதுக்கு மட்டும்னா இந்தப் பாட்டு எப்பவோ சலிச்சுப்போயிருக்கும் டாக்டர். பல்லு வேலை முடிஞ்சு, பஞ்சைக் கடிச்சுக்கிட்டு, கிளம்பலாம்னு சொன்னதுக்கப்புறமும் வெளி ரூம்ல போய் உக்காந்துக்குறவங்க இருக்காங்க. என்னாச்சு, வலிக்குதான்னு ஓடிப்போய்க் கேட்டா, பஞ்சோட தலையை ஆட்டி, மேல ஸ்பீக்கரைக் காட்டுவாங்க. பாட்டு முடியட்டும்னு அர்த்தம்.

நான் இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறப்ப வேற என்ன வேலை. நல்லாப் பாடுறவங்க பாட்டைக் கேட்டா நமக்குப் பாட வெக்கமா இருக்கும், நம்ம குரலைப் பத்தி நமக்குத் தெரியும்ல. இவன் பாட்டுல அந்தத் தொல்லையே இல்ல. இந்த உயரத்துக்கு யாராலயும் போக முடியாது. அதனால எல்லாரும் பாடுறாங்க. பெரிய வித்வானும் கோட்டை விடுவாரு, என் வீட்டுக்காரரும் கோட்டை விடுவாரு. அவர் பஸ் மெக்கானிக், குரலைக் கேட்டா ரிப்பேருக்கு வந்த பஸ்ஸுன்னே நினைப்பீங்க. அவர் குளிக்குறப்ப கீச்சோட அந்த இடத்தை எட்டிப் பிடிக்கப் பார்ப்பாரு. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, அண்ணனுக்கு வெந்நீ கொட்டிருச்சான்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க.

இன்னொண்ணு பார்த்தீங்கன்னா, எடுத்த எடுப்புல அவன் மேல போகமாட்டான். முதல்ல கீழயே நின்னு நம்மளை மாதிரிதான் பேசுவான். நீ வரேன்னு சொன்ன, வரல, மழையில நான் வாசல்லயே நின்னேன், அவ்வளவுதான், யார் வேணா சொல்லலாம். சொல்லிக்கிட்டே இருக்குறப்ப ஒரு இடத்துல வார்த்தை தாங்காது. அங்கதான் டிரம் சட்டுனு நிக்கும், இவன் ஒரே எட்டுல உச்சிக்குப் போயிருவான். அங்க வார்த்தையே கிடையாது, வெறும் குரல்தான். துக்கம்னு சொல்ல முடியாது, சந்தோஷம்னும் சொல்ல முடியாது. ஒரு போலீஸ்காரர் வருவாரு, ஆளு கதவளவு இருப்பாரு, ஊசியைப் பார்த்தாலே கண்ணு கலங்கிரும். அந்த இடம் வர்றப்ப அவர் கட்டை விரல் மட்டும் தானா ஆடும். அது போதும் எங்களுக்கு, ஊசி உள்ள போயிரும்.

இதுல அடி வாங்குன கதையும் உண்டு, அதையும் சொல்லிடுறேன், அப்புறம் மறைச்சுட்டேன்னு சொல்லக்கூடாது. பல் செட்டுக்கு அச்சு எடுக்குறோம்ல, வாய்க்குள்ள பேஸ்ட்டு வெச்சு இறுகுற வரைக்கும் காத்திருப்போமே. அதுக்குப் பெரிய டாக்டர் கடிகாரமே பார்க்கமாட்டாரு. அந்த மழைப் பாட்டு ஆரம்பிச்சா வெப்பாரு, மழைப் பாட்டு முடிஞ்சா எடுப்பாரு. பிசகாது. அப்படி இருக்கையில ஒரு பேஷண்ட் ஆசையா புதுசா வந்த தொகுப்பை வாங்கிக் குடுத்தாங்க. அதே பாட்டு, அதே வரிசை, அட்டை மட்டும் பளபளன்னு. நான் அதைப் போட்டேன். அன்னைக்கு அச்சு எடுக்க வந்தவர் ஒரு வக்கீல். வாய் ஓயாது அவருக்கு, மரத்துப்போன உதட்டோடயே கேஸ் நடத்துவாரு. மழைப் பாட்டு ஆரம்பிச்சுது, பெரிய டாக்டர் பேஸ்ட்டு ட்ரேயை வாயில வெச்சாரு. பாட்டு முடியுற இடம் வந்துச்சு, முடியல. அதுல மேடையில பாடுனதைப் போட்டுத் தொலைச்சிருக்காங்க. ஜனங்க கை தட்டுறாங்க, இவன் மறுபடி ஏறுறான், மறுபடி தட்டுறாங்க, மறுபடி ஏறுறான். வக்கீல் கண்ணை உருட்டுறாரு. கையைக் காட்டுறாரு. பெரிய டாக்டர் அவர் தோளைத் தட்டிக் குடுத்து, இருங்க சார், பாட்டு இன்னும் முடியலைங்குறாரு. எதிர்ல சுவத்துல கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு டாக்டர். நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கல.

கடைசியில ட்ரே வந்துச்சு, கூடவே அவர் பல்லு மேல மாட்டியிருந்த பழைய தொப்பியும் கழண்டு வந்துச்சு. திரும்ப ஒட்டிக் குடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். கோவிச்சுக்குவாருன்னு பார்த்தா அவர் சம்சாரம் போன் பண்ணி, அவரு சாயங்காலம் வரைக்கும் பேசவே இல்லையே, என்ன மருந்து குடுத்தீங்க, இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னாங்க. இன்னைக்கு வரைக்கும் அவர் இங்கதான் வர்றாரு. பழைய தொகுப்பு ஓடுதான்னு வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வருவாரு.

மெல்லிசா வெறும் வாத்தியம் போடலாமா? போடலாமே. தியானம் பண்ணுற இடத்துல எல்லாம் ஓடுமே, தண்ணி சொட்டுற மாதிரி, அதுதானே. போடுங்க. எனக்குத்தான் கொஞ்சம் பழகணும். பழகிக்குவேன்னுதான் நினைக்கிறேன்.

இல்ல, பிடிவாதம் எல்லாம் இல்ல டாக்டர். எனக்கு வேண்டிய பாட்டை எனக்குக் காதுல மாட்டிக் குடுக்குறேன்னு சொல்றீங்க, உங்களுக்கு நல்ல மனசு. அது சரிப்படாது. எப்படிச் சொல்றது. சொல்லித்தான் ஆகணும், உங்ககூட வேலை பார்க்கப் போறவ நான். பெரிய டாக்டர்கிட்ட கூடச் சொல்லல.

அந்த உச்சி இருக்கே, அவன் ஏறுற இடம், அது எனக்குக் கேட்டு வருஷக்கணக்காச்சு.

முதல்ல ஸ்பீக்கர்தான் போயிருச்சுன்னு நினைச்சேன். கடைக்காரர்கூட சண்டையே போட்டேன், புதுசு கேட்டு வாங்குனேன், அதுலயும் அப்படியே. அவன் கீழ பேசுறான், டிரம் நிக்குது, அப்புறம் ஒண்ணும் இல்ல, மறுபடி டிரம் வருது. காது டாக்டர்கிட்ட போனா அவர் சாதாரணமா சொல்றாரு, மெஷின் பக்கத்துலயே காலம் பூரா நின்னவங்களுக்கு இப்படி ஆகுறது உண்டும்மா, மேல இருக்குற சத்தம்தான் முதல்ல போகும்னு. மெஷின் சத்தமும் அதோட போச்சு. அது போனதுல எனக்கு வருத்தமே இல்ல, ஆனா இவனையும் கூடவே கூட்டிட்டுப் போயிருச்சு. பெரிய டாக்டர் எனக்கு முன்னாடியிலேர்ந்து அதே மெஷின் பக்கத்துல நின்னவரு. அவருக்கு அந்த இடம் கேட்டுச்சா இல்லையான்னு நான் கேக்கல. அவரும் என்னைக் கேக்கல. ரெண்டு பேரும் பாட்டை ரசிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

இப்ப டிரம் மட்டும்தான் எனக்கு. ஆனா அது போதும், வேலை எங்க இருக்கு, குழாயை எப்ப நகர்த்தணும்னு அதுலயே கை போகும். நீங்க பேசுறது கேக்குது, முகம் பார்த்தா இன்னும் நல்லாக் கேக்குது, அதுல சந்தேகமே வேணாம். வேலைக்கு இடைஞ்சலா இருக்கும்னு தோணுச்சுன்னா நேராச் சொல்லிடுங்க, வேற ஆளு பாக்குற வரைக்கும் இருந்து பழக்கிக் குடுத்துட்டுப் போறேன். ஆனா பாட்டு இல்லேன்னா, கஷ்டமாத்தான் இருக்கும் டாக்டர். அதை ஏன் மறைக்கணும்.

ஐயோ, பட்டன்லேர்ந்து கையை ஏன் எடுத்துட்டீங்க. பாவம் பார்த்து எல்லாம் விட வேணாம், அது எனக்குப் பிடிக்காது. நான் இவ்வளவு நேரம் பேசுனதுல நீங்க பாட்டையே கேட்டிருக்க மாட்டீங்க. இந்த ஒண்ணை மட்டும் கேளுங்க, மழைப் பாட்டுதான் ஓடுது. பிடிக்கலைன்னா நானே நிறுத்துறேன். சும்மா, நின்ன இடத்துலயே நில்லுங்க, மாஸ்க்கு இருந்தா இருக்கட்டும், புருவம் தெரிஞ்சாப் போதும் எனக்கு.

இப்ப கீழ பேசிக்கிட்டிருக்கான், இது எனக்குக் கேக்குது. வாசல்ல நின்னேன்ங்குறான். இருங்க. டிரம் நிக்கும் பாருங்க.

நின்னுச்சு.

ஆங், ஏறிட்டான். எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? உங்க புருவம் தூக்கிருச்சு டாக்டர். இந்த ரூமுக்குள்ள வந்தவங்க எல்லாருக்கும் சரியா அந்த இடத்துல தூக்கும், உங்களுக்கும் தூக்கிருச்சு. இத்தனை வருஷமா நான் பாட்டைக் கேக்குறது அப்படித்தான்.