ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டி

நோயாளியைத் தூக்கிப் போகிற டோலி கட்டுவதற்குச் சேலையைவிடப் போர்வைதான் நல்லது. சேலை வழுக்கும், முடிச்சு இறங்கிக்கொண்டே வரும். போர்வையின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் சுற்றி இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கிற ஆள் எவ்வளவு புரண்டாலும் அவிழாது. நான் மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்துக்காரி, எனக்கு இதெல்லாம் தெரியாது. கல்வராயன் மலையில் தும்பைப்பாறை என்கிற ஊரில் அய்யனார்தான் எனக்குக் கட்டிக் காட்டினான். அவன் பெண்டாட்டி செவ்வந்தி செத்துப்போனதைப் பற்றி என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். நடுவில் யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

என் பெயர் ராதிகா. அப்பா கந்தசாமி குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். எங்கள் சொந்தபந்தத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். கல்லூரி முடித்த கையோடு சென்னையில் ஒரு இளைஞர் தலைமைப் பயிற்சிக்குத் தேர்வானேன். அந்தப் பயிற்சியை முடித்தவர்கள் ஒரு குழுவாக இருக்கிறார்கள், அலும்னி என்போம். ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். அதற்கு வேண்டியதைக் குழு கொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் கூடுவோம். அவரவர் வேலையைப் பற்றிச் சின்னதாக ஒரு வீடியோ போட வேண்டும். பார்க்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு விழுந்த வேலை தொடரும். விழாத வேலைக்குக் கொடுத்த பொருளைத் திரும்ப எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

என் வேலை ஒரு வண்டி. தும்பைப்பாறைக்கு ரோடு கிடையாது. கீழே தார் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை, நடுவில் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டி ஏற்றம். ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அதனால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதன் பக்கத்தில் ஆள் படுக்கிற மாதிரி ஒரு தொட்டியைச் சேர்த்தோம். சேர்த்தவன் நவுஷாத். என்னோடு பயிற்சி முடித்தவன். கள்ளக்குறிச்சியில் அவன் அத்தாவுக்கு மெக்கானிக் கடை. வண்டியை ஓட்டுவதும் அவன்தான். மலையில் அதைத் தொட்டில் வண்டி என்பார்கள். காய்ச்சல் கண்டவர்கள், பாம்பு கடித்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் அதில்தான் இறங்கினார்கள். வண்டி வந்த பிறகு அந்த ஊரில் ஒருவரையும் டோலியில் தூக்கவில்லை.

அதுதான் எனக்கு வினையானது.

போன வருடக் கூட்டத்தில் என் வீடியோவுக்கு ஓட்டு விழவில்லை. எனக்கு அடுத்து வந்த ஒருத்தி தன் நூலகத்தைப் பற்றிப் பேசும்போதே மேடையில் அழுதாள், அவளுக்கு விழுந்தது. நான் இங்கிலீஷில் பேசி முடித்தால் அந்த ஹாலில் கை தட்டுவார்கள், சின்னப் பிள்ளை ரைம்ஸ் சொன்னால் தட்டுவார்களே, அந்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு இறங்குவேன். அலும்னியைப் பார்த்துக்கொள்கிற தீனதயாளன் அண்ணன் சாப்பாட்டு வரிசையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராதிகா, வேலை நல்ல வேலை. ஆனா வீடியோல வண்டி வருது, வண்டி போகுது. பாக்கறவனுக்கு என்னம்மா தோணும்?"

"இன்னா தோணணும்ணா?"

"முன்னாடி எப்படிக் கஷ்டப்பட்டாங்கன்னு காட்டணும். ஒரே ஒரு டோலி காட்டிட்டு அப்புறம் வண்டியக் காட்டு. ஹாலே அழுதுடும்."

"இப்ப யாரும் டோலில போறதில்லியே. அதுக்குத்தான வண்டியே."

"அதாம்மா. முன்னாடியே எடுத்து வெச்சிருக்கணும் நீ."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்னும் ஒரு வருடம் உனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன், அடுத்த தடவையும் விழாவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ரோடு கேட்டு நாங்கள் மனு கொடுக்காத இடம் இல்லை. என் கையில் இருந்தது அந்த ஒரு வண்டி. அதையும் பிடுங்கிவிட்டால் மலைக்குப் போய் என்ன சொல்வது?

முதலில் நடிக்கவைத்துத்தான் எடுத்தேன். செவ்வந்தி அப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா படு, நாலு பேர் தூக்குவார்கள் என்றேன்.

"எக்கா, என்னைத் தூக்க நாலு பேரு பத்தாது. கீழ போயி ஜேசிபி இட்டுக்கினு வா."

"சும்மா படுடி. முகத்தைச் சுளிச்சுக்கோ, வலிக்கிற மாதிரி."

"வலி வந்தா இவரு மூஞ்சியைப் பாக்கச் சொல்லு. அதுவே சுளிச்சுக்கினுதான இருக்குது."

அய்யனார் உட்படத் தூக்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டோலி சிரிப்பில் ஆடியது. அவள் மாமியார் ரங்கம்மாளைப் படுக்கவைத்துப் பார்த்தேன். அந்த அம்மா, "எறக்குங்கடா, நான் இன்னும் சாவல" என்று மூங்கிலைத் தட்டியது. தீனதயாளன் அண்ணனுக்கு அனுப்பினேன். "அந்தப் பொண்ணு சிரிக்குதேம்மா, யாரு நம்புவா" என்று பதில் வந்தது.

இந்த வருடக் கூட்டம் கள்ளக்குறிச்சியிலேயே என்று முடிவானது. கூட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வண்டி ஓடையில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வருகிற மாதிரியாவது எடுப்போம் என்று ஒரு நாள் காலையில் நானும் நவுஷாத்தும் போனோம். வண்டியோடு அவனை ஓடைக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னேன். எந்த இடத்திலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று பார்க்க நான் மட்டும் நடந்து ஊருக்குள் ஏறினேன். ஓடைப் பக்கம் டவர் கிடைக்காது. நான் திரும்பி வரும்வரை அவன் அங்கேயே நிற்பான், அப்படித்தான் பேச்சு.

ஊருக்குள் நுழைந்ததுமே அய்யனார் எதிரில் ஓடி வந்தான்.

"பாப்பா, நல்லவேள நீயே வந்துட்ட. வலி கண்டுடுச்சு. வண்டி எங்க?"

மேலிருந்து பார்த்தால் ஓடை தெரியாது. நடுவில் பாறையும் மரமும் மறைக்கும்.

"ஓடையில தண்ணி ஏறிடுச்சு. வண்டி இந்தப் பக்கம் வராது. டோலி கட்டு, ஓடை வரைக்கும் தூக்கியாந்துடலாம்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது, யோசிக்கவில்லை என்று எழுதினால் எனக்கு நல்லது. யோசித்தேன். முதல் பிரசவம் இல்லை, இரண்டாவது, ஓடை வரைக்கும்தான், பிறகு வண்டி இருக்கிறது, காலங்காலமாக இந்த ஊர்ப் பெண்கள் டோலியில் போய்ப் பெற்றவர்கள்தானே என்று எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் யோசித்தேன். அய்யனார் திரும்பி ஓடினான். வீட்டுக்குள் போய்ப் போர்வையை எடுத்து வந்தான். அவன் வாசலில் மூங்கிலைக் கிடத்திக் கட்ட ஆரம்பித்ததிலிருந்து எடுத்தேன்.

செவ்வந்தி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வண்டி என்றால் அந்த இறக்கம் ஒன்றுமே இல்லை, நொடியில் வந்துவிடும். ஆள் தூக்கினால் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். நான் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுத்தேன். பாறைத் திருப்பத்தில் வெயில் எதிரே அடித்தது. தூக்கியவர்கள் முகமெல்லாம் கறுப்பாக விழுந்தது. நிறுத்தினேன்.

"அங்க கல்லு வழுக்குது. கொஞ்சம் மேல போயி இடது பக்கமா இறங்குங்க" என்றேன்.

ரங்கம்மாள் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. "ஏம்மா, இவ்ளோ தூரம் எறங்கியாந்துட்டு மறுபடியும் ஏறச் சொல்ற?"

"வழுக்கும் பெரிம்மா. கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

ஏறிப் போய்த் திரும்ப இறங்கினார்கள். படித்த பெண் சொன்னால் காரணம் இருக்கும் என்று அந்த ஊரில் நினைப்பார்கள். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. போர்வையின் அடிப்பக்கம் நனைவதை நான் முதலில் போன் திரையில்தான் பார்த்தேன். பனிக்குடம் உடைந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் நிறம் தெரிந்தது. வீடியோவில் இந்த இடத்தை மங்கலாக்க வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். வேறு எதையாவது நினைத்ததாக எழுத எனக்கும் ஆசைதான் மேடம். அதைத்தான் நினைத்தேன்.

செவ்வந்தி ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எக்கா, வண்டிலயே போலாங்க்கா" என்றாள். "தோ வந்துடுச்சு" என்றேன். அது பொய் இல்லை. ஓடை பக்கத்தில் வந்துவிட்டது.

ஓடையில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். அய்யனார் அதில் இறங்கி நடந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாப்பா, தண்ணியே இல்லியே."

"இப்பதான் வடிஞ்சுது."

"சரி பாப்பா" என்றான்.

நவுஷாத் எங்களைப் பார்த்ததும் வண்டியை உதைத்துக் கிளப்பினான். நான் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்களே டோலி கட்டிப் பாதி தூரம் இறங்கிவிட்டார்கள், வழியில் என்னைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவனாகவே எடுத்துக்கொண்டான். அதை நான் திருத்தவில்லை. டோலியிலிருந்து தொட்டிக்கு மாற்றுவதையும் வண்டி கிளம்புவதையும் எடுத்து முடித்தேன். எனக்கு வேண்டியது முழுசாகக் கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. செவ்வந்திக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோவைக் கூட்டத்தில் போட்டேன். "வண்டி எட்ட முடியாமல் போன ஒரு நாள்" என்று எழுதியிருந்தேன். முடிந்த பிறகு அந்த ஹாலில் யாரும் கை தட்டவில்லை. அழுதார்கள். சென்னைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இருக்கிற வண்டி தொடரும் என்று மட்டுமில்லை, இரண்டாவது வண்டியும் தருவதாக அங்கேயே அறிவித்தார்கள். தீனதயாளன் அண்ணன் என் தலையில் கை வைத்து, "இத்தன நாளா இதைத்தான்மா உன்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அந்த அழுகை நடிப்பில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் என்னை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை.

நவுஷாத் பின்வரிசையில் இருந்தான். வாசலுக்கு என்னைக் கூப்பிட்டான்.

"டோலி கட்டறதுலேர்ந்தே எடுத்துருக்கிற. அப்ப நீ மேலதான் இருந்தியா?"

"ஆமா."

"ஏன் என்னைக் கூப்புடல?"

"டவர் இல்லியே."

"ஒரு ஆள அனுப்பிச்சா ஏறி வந்திருப்பனே. தண்ணியா இருந்துச்சு ஓடையில? எட்ட முடியலன்னு எழுதிருக்கிற."

"ரெண்டாவது வண்டி வரப்போவுது நவுஷாத். இன்னும் எத்தினி ஊருக்குப் போவும், அத யோசிச்சுப் பாரு."

"வண்டி இருந்துச்சு ராதிகா. அன்னிக்கும் வண்டி இருந்துச்சு" என்றான். சாப்பிடாமல் போய்விட்டான். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

கேஸுக்கு எது வேண்டுமோ அதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். ஓடையில் தண்ணீர் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டி மேலே ஏறும் என்றும் தெரியும். செவ்வந்திக்கு வலி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், வண்டி வராது என்று அய்யனாரிடம் பொய் சொன்னேன். ரத்தத்தைப் பார்த்த பிறகும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. ரோடு இல்லாததால் அவள் செத்தாள் என்று ஊரே பேசியபோது ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னால் செத்தாள். எந்த வார்த்தையையும் அடிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? அந்த வீடியோ இல்லாவிட்டால் வண்டி போயிருக்கும். வண்டி போனால் அடுத்த பிரசவத்துக்கு யார் பதில் சொல்வது? நான் அந்தப் பெண்களுக்காகத்தான் செய்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இரவெல்லாம் விழித்து யோசித்தாலும் அப்படித்தான் வருகிறது.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அய்யனாருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவனை விசாரிக்கப் போனால் தண்ணீர் விஷயத்தைச் சொல்லாதீர்கள். காரியம் முடிந்த அன்று அவன் கீழே இறங்கி எங்கள் வீடு தேடி வந்தான். நீ மட்டும் அன்றைக்கு இல்லாவிட்டால் குழந்தையும் போயிருக்கும் என்று என் அப்பா முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான். குழந்தைக்கு ராதிகா என்று பெயர் வைத்திருக்கிறான். எனக்காகக் கேட்கவில்லை மேடம். உண்மை தெரிந்தால், பாவம், அவன் அந்தக் குழந்தையை இனி என்னவென்று கூப்பிடுவான்?